பாதி மொட்டை

சவரக் கத்தி குழந்தையின் உச்சந்தலை வரை வந்திருந்தபோது அக்கா வந்து சேர்ந்தாள். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கையில் புதுச் சட்டை. என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் குழந்தையைப் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

"மொட்டைதான். பாதி ஆயிடுச்சு," என்றேன்.

"அது தெரியுதுடா. யார் வூட்டுக் கொழந்த இது?"

திருத்தணி, சரவணப் பொய்கைக் கரை, மொட்டையடிக்கிற கொட்டகை. அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மீசை ஒழுங்காக முளைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேட்டி நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது. வெட்டிய முடி முழங்கை வரை அப்பியிருந்தது. குளத்துப் பாசி வாசனையும் சந்தன வாசனையும் கலந்து அடித்தன.

குழந்தை என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. தன்னை யார் தூக்கி வந்தார்கள் என்பதில் அதற்கு எந்த ஆட்சேபணையும் இருந்ததாகத் தெரியவில்லை.

போன வாரம் இந்தத் தொடரில் குண்டக்கல்லில் ஜல்லி ஒப்பந்தக்காரரிடம் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் மனைவி, "எல்லாம் சரி, உங்க பெரிய தப்ப எப்ப எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். எதைச் சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். அதனால் நானாகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

நைனா சாப்பிட்ட கல்யாணம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. 'தெரியாது' என்று சொல்ல வராது. யார் எதைக் கேட்டாலும் வாய் முந்திக்கொண்டு 'தெரியும்' என்று சொல்லிவிடும். பஸ் நிலையத்தில் நின்று யாராவது வழி கேட்டால் போதும். நான் போயே இராத தெருவுக்குக்கூட இடது பக்கம் திரும்பி, வேப்பமரம் தாண்டி என்று வழி சொல்லி அனுப்புவேன். அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று பார்த்ததில்லை. அந்தப் பக்கம் போவதையே கொஞ்ச நாள் நிறுத்திவிடுவேன்.

இது எங்கள் நைனாவிடமிருந்து வந்தது. ஒரு முறை உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று குடும்பத்தோடு அரக்கோணம் போனோம். ரயில் நிலையத்திலிருந்து நைனாதான் முன்னால் நடந்தார். வழியில் யாரையும் கேட்கவில்லை. மேளச் சத்தம் கேட்ட மண்டபத்துக்குள் விறுவிறுவென்று நுழைந்தார்.

அம்மா பந்தியில் உட்கார்ந்தபடி மெதுவாகக் கேட்டாள். "மாப்பிள்ள ஒல்லின்னு சொன்னாங்களே. இவரு இப்படி கீறாரே?"

"நிச்சயம் பண்ண நாள்ல இருந்து சாப்பாடு பலமா போட்டிருப்பாங்க," என்றார் நைனா.

சாப்பிட்டோம். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். நைனா மணமேடையில் ஏறிப் பித்தளை விளக்கைக் கொடுத்து ஆசீர்வாதமும் பண்ணினார். மாப்பிள்ளை குழப்பத்தோடு காலில் விழுந்தான். வெளியே வந்தபோது எதிர்ச் சாரி மண்டப வாசலில் எங்கள் சித்தப்பா நின்று, ஏன் இன்னும் காணோம் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனா அசரவில்லை. "ரெண்டும் நம்ம வூட்டுக் கல்யாணம்தான். இது கொஞ்சம் தூரத்துச் சொந்தம்," என்றார். கடைசி வரை அதையே சொன்னார். அப்படிப்பட்டவருக்குப் பிறந்தவன் நான்.

தூணுக்கு அந்தப் பக்கம்

அக்கா காந்தாவை மணவூரில் கொடுத்திருந்தோம். அவளுக்குத் தலைச்சன் பிள்ளை முருகேசன். தொட்டிலில் போட்ட அன்று அவனைப் பார்த்ததுதான்; அப்புறம் நான் குண்டக்கல் போய்விட்டேன். ஒரு வயசு ஆவதற்குள் திருத்தணியில் முடி எடுக்க வேண்டும், தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் எடுக்க வேண்டும் என்று அக்கா ஆள் அனுப்பினாள். நானும் லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

நான் ராத்திரி ரயிலில் வந்து நேராகக் குளத்தங்கரைக்குப் போனேன். அக்கா சந்தனக் கடை வரிசையில் நின்றிருந்தாள். "சந்தனம் அரைச்சி வாங்கிக்கினு வரேன். நீ போயி சத்திரத்துல பையன எடுத்துக்கினு வா. தூண் பக்கத்துல உங்க பாவா படுத்துக்கினு கீறாரு. பக்கத்துலயே உக்காந்துகினு இருப்பான். உனக்கு அடையாளம் தெரியும் இல்ல?"

"ஆங், தெரியும் தெரியும்," என்றேன்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. 'தெரியாதுக்கா, தொட்டில்ல பாத்ததுதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே கூட வந்திருப்பாள்.

சத்திரத்துக்குள் போனேன். தூண் இருந்தது. தூணை ஒட்டி ஓர் ஆள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். என் பாவா, அக்கா புருஷன், எப்போதும் முகத்தில் துண்டு போட்டுக்கொண்டுதான் தூங்குவார். பக்கத்தில் ஒரு குழந்தை. நீள முடியைப் பின்னி, கனகாம்பரம் வைத்து, பொட்டு வைத்து, காலில் கொலுசு போட்டிருந்தது. ஆண் குழந்தைக்கும் முடி எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பூ வைத்துப் பின்னிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கையையும் நீட்டியது. ரத்த பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது கண்கூட லேசாகக் கலங்கியது. இன்று நினைத்தாலும் அந்தக் கண்ணீர்தான் எனக்கு ரொம்ப அவமானம்.

தூணுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆள் முகத்தில் துண்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இன்னொரு குழந்தை, அதே கனகாம்பரத்தோடு. நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கொட்டகையில் கூட்டம் குறைந்திருந்தது. நாவிதர் குழந்தையின் தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "அக்கா கொழந்தையாங்க?"

"ஆங்."

"அதான பாத்தேன். மூக்கு அப்படியே உங்க மூக்கு. மாமன உரிச்சி வெச்சிருக்குது."

சுற்றி நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா வரட்டுமா என்று நாவிதர் கேட்டாரா, நான்தான் ஆரம்பியுங்கள் என்றேனா என்பது ஞாபகம் இல்லை. நான்தான் சொல்லியிருப்பேன்.

ரமணம்மா

"மங்கா! ஏ மங்கா!" என்று குளத்துப் படிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஈரப் புடவையோடு ஒரு பெண் ஓடி வந்தாள். பின்னாலேயே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தூக்கம் கலையாத முகத்தோடு அவள் புருஷன்.

வந்தவள் குழந்தையைப் பார்த்தாள். வலது பக்கம் வழவழவென்று மொட்டை. இடது பக்கம் ஜடை, அதில் கனகாம்பரம். அவள் கத்தவில்லை. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கனகம்மாசத்திரம் என்கிற ஊர்க்காரர்கள். புருஷன் நரசிம்மலு ரோட்டோரம் சோடாக்கடை வைத்திருந்தார். அவள் பேர் ரமணம்மா. திருப்பதிக்குப் போகிற வழியில் இங்கே இறங்கிக் குளித்து, முருகனையும் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ் பிடிக்கலாம் என்று வந்தவர்கள்.

"ரெண்டு புள்ளைங்கள மண்ணுல போட்டுட்டு பெத்தேன் சாமி இவள," என்றாள். பாதி தமிழ், பாதி தெலுங்கு. "இவளயாவது குடு, மொத முடி உன் மலையிலதான்னு ஏழுமலையான்கிட்ட வேண்டிக்கினேன். கத்திரி கூட படாம வெச்சிருந்தேன். இப்போ வாக்கு போச்சே. இவளுக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "உங்க வூட்டுக்காரரு தூங்கிக்கினு இருந்தாருங்க," என்றேன். "முகத்துல துண்டு வேற. பூ வேற வெச்சிருந்தீங்க."

சுற்றி நின்ற கூட்டம் யோசனை சொல்ல ஆரம்பித்தது. மீதியையும் எடுத்துவிடு என்றார் ஒருவர். எடுத்தால் தெய்வக் குத்தம் என்றார் இன்னொருவர். நாவிதர் கத்தியைக் கையில் பிடித்தபடி, "நான் இன்னாங்க பண்றது, நனைச்ச தலை காயுது," என்றார்.

அப்போதும் என் வியாதி என்னை விடவில்லை. "இதுக்கு ஒரு பரிகாரம் கீதுங்க. எனக்குத் தெரியும்," என்று ஆரம்பித்தேன்.

அக்கா சந்தனக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். "இன்னொரு தடவ தெரியும்னு சொன்ன, இங்கயே குளத்துல அமுக்கிடுவேன்." சந்தனம் பல்லிடுக்கு வரை போய்விட்டது. அன்று முழுவதும் வாய் கசந்தது.

மாமனும் மருமகனும்

ரமணம்மா குழந்தையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். மொட்டைப் பக்கத்தைத் தடவினாள். ஜடைப் பக்கத்தைத் தடவினாள். குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

தலையை நிமிர்த்தி முருகன் கோயில் மலையைப் பார்த்தாள். "ஏழுமலையான் இந்த முருகனுக்கு இன்னா வேணும்? தாய்மாமன்தான?"

"ஆமாங்க," என்றார் நாவிதர்.

"மாமன் சொத்து. மருமவன் வழியில நின்னு பாதிய எடுத்துக்கினாரு. மீதி மாமனுக்கு. அவங்க குடும்பச் சண்டைய அவங்களே தீத்துக்கட்டும். நீ கத்திய வைய்யி."

நாவிதர் கத்தியை வைத்தார். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீ வா."

"எங்கங்க?"

"திருப்பதிக்கு. இவள உன் மடியில வெச்சிக்கினு வா. போற வழியெல்லாம் ஏன் பாதி மொட்டைன்னு கேப்பாங்க இல்ல? நான் பதில் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

அக்காவைப் பார்த்தேன். "போடா. நீ வர வரைக்கும் முருகேசன் முடியோட இருக்கட்டும்," என்றாள். முருகேசனைத் தூக்கிக்கொண்டு பாவா அப்போதுதான் வந்து சேர்ந்தார். "இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அக்கா சந்தனக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம்

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் மங்கா. வலது பக்கம் பார்த்தால் மொட்டைக் குழந்தை, இடது பக்கம் பார்த்தால் பூ வைத்த குழந்தை. ரமணம்மாவும் நரசிம்மலுவும் பின் சீட்டில் இருந்தார்கள்.

நகரியில் ஏறிய பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது, பாதி மொட்ட?"

எனக்கு நாக்கு தயாராக இருந்தது. "எங்க பக்கத்து வழக்கங்க. பாதி தணிகையில, பாதி திருப்பதியில. ரொம்ப பழைய காலத்து வேண்டுதல். பெரிய பெரிய குடும்பத்துலதான் செய்வாங்க."

பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இது எனக்குத் தெரியாம போச்சே. எம் பேரனுக்கும் அடுத்த மாசம் இப்படியே எடுத்துடறேன்."

இன்னொரு குழந்தையும் பாதித் தலையோடு அலையப் போகிறது என்பது எனக்கு அப்போது உறைத்தது. அதே நேரம் பின்னாலிருந்து ரமணம்மாவின் விரல் என் முதுகில் குத்தியது.

"ஏமய்யா! பொய் சொல்ல வாய் வலிக்கல. தப்பு பண்ணிட்டேன்னு சொல்ல மட்டும் வலிக்குதா?"

வலித்தது. நிஜமாகவே வலித்தது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மங்கா தூக்கத்தில் என் சட்டையில் எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தாள். அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

"பெரியவரே, வழக்கம் கிழக்கம் ஒண்ணும் இல்லீங்க," என்றேன். "எங்க அக்கா கொழந்தைன்னு நெனச்சு இவங்க கொழந்தைய எடுத்துக்கினு போயி மொட்டையடிச்சிட்டேன். கொழந்தைய எனக்கு அடையாளம் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு தெரியும்னு சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான்."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். கண்டக்டரும் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இடி விழும் என்று காத்திருந்தேன்.

பெரியவர் மங்காவின் மொட்டைப் பக்கத்தைத் தடவினார். "நான் ஒருக்கா சந்தையில வேற ஒருத்தன் எருமைய என்னுதுன்னு புடிச்சிக்கினு வந்துட்டேன்," என்றார். "ரொம்ப நாள் பால் கறந்து குடிச்சேன். எருமையும் ஒண்ணும் சொல்லல. அவன் வந்து கேட்டப்போதான் என் எருமை எதுன்னு எனக்கே தெரியலன்னு புரிஞ்சது."

அதற்கு முன் சீட்டு அம்மாள் ஒரு கதை சொன்னாள். அப்புறம் இன்னொருவர். புத்தூர் தாண்டுவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் அவரவர் கோளாறைச் சொல்லி முடித்திருந்தார்கள். கண்டக்டர்கூட, காலையில் ஒரு மாமியாரை ஏற்றாமல் மருமகளை மட்டும் ஏற்றிக்கொண்டு விசில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மருமகள் அதைக் கடைசி நிறுத்தம் வரை சொல்லவில்லையாம்.

அதற்கப்புறம் பஸ்ஸிலும், மலை ஏறும்போதும், வரிசையிலும் யார் யாரோ கேட்டார்கள். எல்லோருக்கும் அதையேதான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக வலித்தது. உடம்பு லேசாக இருந்தது. இதைச் சொல்லவா இத்தனை வருஷம் பயந்தோம் என்று என் மேலேயே கோபம் வந்தது.

மீதி மடி

மலை மேல் மொட்டையடிக்கிறவர் பாதித் தலையைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. அவர் எத்தனையோ தலை பார்த்தவர். "மேனமாமா யாரு? வந்து உக்காரு," என்று மட்டும் சொன்னார். தாய்மாமனைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள்.

நரசிம்மலு தலையைக் குனிந்துகொண்டார். ரமணம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவளாகவே என் பக்கம் கையைக் காட்டினாள். "இவருதான். பாதிக்கு ஏற்கெனவே மடி குடுத்திருக்காரு."

"அது தெரியாம பண்ணதுங்க," என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன். அப்போ தெரியாம உக்காந்த. இப்போ தெரிஞ்சி உக்காரு."

உட்கார்ந்தேன். மங்கா மறுபடியும் என் பொத்தானைச் சப்ப ஆரம்பித்தாள். கத்தி இடது பக்கம் இறங்கியது. ஜடை பூவோடு என் கையில் விழுந்தது. அழக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. முதல் தடவை அழுததற்கு இது ஈடாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்தபோது அக்கா அதே சத்திரத்தில் இருந்தாள். கொட்டகைக்குப் போனோம். பக்கத்தில் பக்கத்தில் நிறையக் குழந்தைகள். ஒன்றைத் தூக்கி என் முன்னால் நீட்டி, "இது யாரு, சொல்லு பாப்போம்," என்றாள்.

பாவா தூக்கி வந்தபோது ஒரு பார்வை பார்த்ததுதான். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு மாதிரிதான் இருந்தது. ஆனால் மங்காவின் மூக்கையும் அப்படித்தானே சொன்னார்கள்.

"தெரியலக்கா," என்றேன். "நீயே சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். "முருகேசன்தான்டா," என்று சொல்லி அவனை என் மடியில் வைத்தாள். அவன் வீறிட்டு அழுதான். அதுதான் முறை, புதுசாகப் பார்க்கிற மாமனைப் பார்த்துக் குழந்தை அழத்தான் வேண்டும்.

கூடை

வியாதி குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் யாராவது வழி கேட்டால் நாக்கு நுனிக்குத் 'தெரியும்' வந்துவிடுகிறது. கூடவே சந்தனக் கசப்பும் வரும். விழுங்கிவிட்டு, கடைக்காரரைக் கேளுங்கள் என்பேன்.

மங்காவுக்குக் காது குத்த கனகம்மாசத்திரத்திலிருந்து ஆள் வந்தது. மடி கொடுத்த மாமன் வராமல் எப்படி என்று ரமணம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். போனேன். மஞ்சள் நீராட்டுக்குப் போனேன். நரசிம்மலு ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்.

எண்பதுகளில் மங்காவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அவர்கள் வழக்கப்படி மணப்பெண்ணை மூங்கில் கூடையில் உட்கார வைத்து மேனமாமன்தான் மேடைக்குத் தூக்கி வர வேண்டும். எனக்கு அப்போது இடுப்பு வலி. இன்னொரு பக்கம் பிடிக்க முருகேசனைக் கூட்டிப் போயிருந்தேன். மணவூரிலிருந்து அக்காவும் வந்திருந்தாள்.

அறைக்குள் போனோம். கூடையில் ஒரு பெண் இரண்டு கையாலும் தேங்காயைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பைத் தாண்டும் ஜடை, அது நிறையக் கனகாம்பரம். அந்தப் பூவைப் பார்த்ததும் கூடையைப் பிடிக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"தூக்கு மாமா, நேரமாச்சு," என்றான் முருகேசன்.

கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாமா, நல்லா பாத்துக்கோ. நம்ம வூட்டுப் பொண்ணுதானா, தெரியுமா?"

அறையிலிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். இந்தக் கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை.

"தெரியலம்மா," என்றேன். "உங்க அம்மாவக் கூப்பிடு."

ரமணம்மா அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கூடைக்குள் குனிந்து, மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இவதான் அண்ணா. தூக்கு," என்றாள்.

தூக்கினேன்.